கேட்டால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வாரோ?

தற்கொலை எண்ணம் பற்றி மனதில் இருப்பதைத் தயங்காமல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழு இங்கே. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம். இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், பதில்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்; முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பரீட்சை முடிவு வரும் சமயத்தில்தான் இந்தச் செய்திகள் பேப்பரில் நிறைய வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகமா?
– வாசகி, காங்கயம்

பேப்பரில் வருவது வேறு, கணக்கு காட்டுவது வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். நூறு பேரில் மாணவர்கள் ஏழெட்டுப் பேர். தினக்கூலிக்குப் போகிறவர்கள் 26 பேர். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஏறக்குறைய 15 பேர். மொத்தத்தில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஒரு லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4 என்றால் நம் மாநிலத்தில் 25.9.

பிள்ளைகளைக் கவனிக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளைக்கு வாத்தியார் இருக்கிறார், அம்மா இருக்கிறார், முடிவு வரும் நாளில் நாலு பேர் கண் வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு டாஸ்மாக் திறக்கும்வரை காத்திருக்கும் 42 வயதுக்காரர் மேல் யார் கண் வைக்கிறார்கள்? "ஆம்பளை, சமாளிச்சுக்குவான்" என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் உயிர்கள் அதிகம் போகின்றன.

ஒருவருடைய ஆபத்தைக் கூட்டுபவற்றில் முதலாவது, முன்பு ஒரு முறை முயன்றிருப்பது. அடுத்து மனச்சோர்வு போன்ற மனநோய், குடி, தீராத வலி அல்லது நோய், கடன், அடி உதை உள்ள குடும்ப வாழ்க்கை, சமீபத்து இழப்பு, தனிமை, வீட்டில் வேறொருவர் இப்படி இறந்திருப்பது. இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்து, கையெட்டும் தூரத்தில் நஞ்சும் இருந்தால் ஆபத்து பல மடங்காகும். "கடனால போயிட்டான்", "மார்க்கால போயிட்டா" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அதே கடன் இருக்கும் எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்களே. இந்தப் பட்டியலை வைத்து யார் இறப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று முடிவுசெய்வதற்குத்தான் இது.

என் வீட்டுக்காரர் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார். ஆறு மாதமாகத் தூக்கமில்லை, குடி கூடிவிட்டது. போன வாரம் "நான் இல்லீனா நீங்களாச்சும் நிம்மதியா இருப்பீங்க" என்றார். நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத நினைப்பை நானே கொடுத்ததாகிவிடாதா?
– வாசகி, பல்லடம்

கேளுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இதைப் பல நாட்டு ஆய்வுகள் சோதித்துப் பார்த்துவிட்டன. சொல்ல வழியில்லாமல் உள்ளே வைத்துப் புழுங்குகிறவருக்கு, ஒருவர் வாய்விட்டுக் கேட்பதே பாதி ஆறுதல். அவர் சொன்ன அந்த வாக்கியம் ஏதோ வாய்க்கு வந்தது அல்ல. "நான் உங்களுக்குப் பாரம்" என்ற நினைப்பு, இந்த ஆபத்தின் நடுமையத்தில் இருப்பது.

கேட்பதற்கு நேரம் பாருங்கள். குடித்திருக்கும்போது வேண்டாம், பிள்ளைகள் முன்னால் வேண்டாம். முகத்துக்கு நேராக உட்கார வைத்து விசாரிப்பதைவிட, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தோ கூட நடந்துகொண்டோ கேட்டால் ஆண்களுக்குப் பேச்சு வரும். கண்ணில் பட்டதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "ஏனுங்க, கொஞ்ச நாளா நீங்க தூங்கறதே இல்லீங்க, சோறும் எறங்கறதில்ல. செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?" சொல்லை மழுப்ப வேண்டாம். "அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் நெனைக்கலையில்ல?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதிலை நீங்களே அவர் வாயில் வைத்ததாகிவிடும்.

"ஆமா" என்றால் அழலாம், கைபிடிக்கலாம். உடனே "பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க" என்று மட்டும் தொடங்காதீர்கள். பிள்ளைகளை நினைத்து நினைத்துத்தான் அவர் தன்னைப் பாரம் என்று முடிவுகட்டியிருக்கிறார். கடவுள் மேல் சத்தியமும் வாங்காதீர்கள். சத்தியம் செய்தவர் அடுத்த முறை உங்களிடம் சொல்ல வெட்கப்படுவார். கொஞ்ச நேரம் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கு எட்டுகிறதா, எப்போது என்று முடிவுசெய்திருக்கிறாரா, முன்பு முயன்றது உண்டா.

திட்டமும் பொருளும் தயாராக இருந்தால் அது அவசரம். மாரடைப்பு வந்தவரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். பைக்கை, நிலப் பத்திரத்தை யாருக்காவது ஒப்படைப்பது, கணக்கெல்லாம் எழுதி வைப்பது, கண் காணாத உறவுக்கெல்லாம் போன் போடுவது, இவையும் அவசர அறிகுறிகள். பல வாரம் தவித்தவர் ஒரு நாள் காரணமில்லாமல் அமைதியானால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிலர் முடிவு எடுத்த பிறகுதான் அமைதியாகிறார்கள்.

எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்களக் கேக்காம ஊருக்குச் சொல்ல மாட்டேன், ஆனா டாக்டருகிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்பது போதும்.

கடனைப் பற்றி. ஒரே தாளில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். தலைக்குள் சுழலும்போது மலையாகத் தெரிவது தாளில் எண்ணாக மாறும். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுக்கடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வீட்டு வாசலில் நின்று கத்தினால் தேதி, நேரம் குறித்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கடன் ஒரே நாளில் தீராது. வாசலில் நடக்கும் அவமானத்தை நிறுத்த முடியும், பல பேரை உடைப்பது அந்த அவமானம்தான்.

மாமனார் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். அத்தை போய் எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள், தென்னைக்கு வாங்கிய மருந்தெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான். எடுத்தால் கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது?
– வாசகர், கொடுமுடி

கடிதத்தில் நீங்கள் முக்கியமாக நினைத்தது அவர் மனநிலை. நாங்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டிலின் அடிப்பக்கத்தை.

உயிரை விடும் எண்ணம் அலைபோல ஏறி இறங்குவது. ஆஸ்திரியாவில் முயன்று பிழைத்தவர்களைக் கேட்டபோது, அந்த முறை எண்ணம் முதலில் தோன்றியதற்கும் செயலுக்கும் நடுவே இருந்தது பத்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு என்று ஏறக்குறைய பாதிப்பேர் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடம் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் அலை இறங்கிவிடும். "இது இல்லீனா வேற வழி தேடுவாங்க" என்பது பெரும்பாலும் தவறு. இலங்கையில் 1990-களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். விவசாயம் படுக்கவில்லை, தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது.

சாளையில் மருந்தே வேண்டாம் என்று சண்டை போடாமல், தோட்டத்து வேலையாகவே இதை மாற்றுங்கள். ஒரு தெளிப்புக்கு என்ன வேண்டுமோ அதை அன்றன்று வாங்கி அன்றே தீர்ப்பது முதல் வழி. மிச்சமானால் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி, மோட்டார் ரூமிலோ பக்கத்துத் தோட்டத்திலோ, சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். சாவி அவர் கொத்தில் இருக்கக் கூடாது. தெளிக்க வரும் ஆளிடமோ உங்களிடமோ இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில், சோடா பாட்டிலில் ஊற்றி வைப்பது அடியோடு வேண்டாம். பேரப்பிள்ளைகள் தெரியாமல் குடிக்கும் விபத்தும் அப்படித்தான் நடக்கிறது. காலி டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரையும் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். "பேரனுக்காகப் பூட்டறோமுங்க மாமா" என்றால் கோபம் வராது, அது பொய்யும் இல்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் மாதக்கணக்கில் அடுக்காமல் வாரத்துக்கு ஒரு அட்டையாகக் கொடுங்கள்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், ஊருக்குப் பொதுவாக ஓரிடம் கட்டி, விவசாயிக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்து மருந்தை அங்கே வைக்கும் முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு பால் சொசைட்டியும் இதைச் செய்யலாம், இடமும் இருக்கிறது, பொறுப்பாளும் இருக்கிறார்.

யாராவது நஞ்சு உட்கொண்டதாகச் சந்தேகம் வந்தால்: 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். மேலே சிந்திய துணியைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளட்டும். மயங்கினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, டப்பாவைக் கூடவே எடுத்துப்போங்கள். "நல்லாத்தான் பேசறாரு" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், சில நஞ்சுகளின் பாதிப்பு பிந்தித்தான் தெரியும்.

அவர் மனநிலைக்கு வருவோம். துணை போன முதல் ஆண்டு கடினமானது. ராத்திரிச் சாப்பாட்டுக்காவது உங்கள் வீட்டுக்கு வரவழைக்க முடிந்தால் அதுவே மருந்து. எடை குறைந்தாலோ, விடியக்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டாலோ, மாட்டைக்கூடக் கவனிக்காமல் விட்டாலோ "வயசான காலத்துல அப்படித்தான்" என்று விடாதீர்கள். முதுமையிலும் மனச்சோர்வு குணமாகும்.

தம்பி முயன்று, பிழைத்து, வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. போலீஸ் கேஸ் ஆகுமா? இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகர், கோபி

அவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனையிலிருந்து தகவல் போய்ப் போலீஸ்காரர் வந்து விசாரித்து எழுதிக்கொள்வது வழக்கம். நடந்ததைச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். கேஸுக்குப் பயந்து மருத்துவரிடம் பொய் சொல்வதுதான் ஆபத்து.

வீடு திரும்பிய முதல் மூன்று மாதம், அதிலும் முதல் சில வாரம், மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். பல குடும்பங்கள் இங்கேதான் தவறுகின்றன; "ஒரு தடவை பட்டுட்டான், இனிப் புத்தி வந்திருக்கும்" என்று பேச்சையே எடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் ஓர் எளிய முறையைச் சோதித்தது. முயன்று பிழைத்தவரிடம் கிளம்பும்போது ஒரு மணி நேரம் பேசுவது, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ "எப்படி இருக்கீங்க" என்று கேட்பது. அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். இந்த முறையில் 0.2 பேர். அந்த ஒன்பது நாள்களை உங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், அப்புறம் 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். வீட்டில் இருப்பவர் தினமும் பார்ப்பார்; இந்த நாள்களில் மாமாவோ நண்பரோ வெளியாள் ஒருவர் கேட்கட்டும்.

தம்பியோடு உட்கார்ந்து அவர் கையெழுத்திலேயே ஒரு தாள் எழுத வையுங்கள். எண்ணம் வரப்போகிறது என்பதற்கு அவருக்குத் தெரிந்த அறிகுறி, தானே செய்து பார்க்கக் கூடியது (குளிப்பது, வண்டியை எடுக்காமல் டீக்கடை வரை நடப்பது, மாட்டுக்குத் தீவனம் போடுவது), போய் உட்காரக் கூடிய ஆட்கள் உள்ள இடம், போன் செய்ய மூன்று பேர், மருத்துவர், 14416, வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்தியாயிற்று. அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதலில் உடம்பில் தெம்பு வரும், மனசு தெளிவது அதற்குப் பின்னால்தான். அந்த இடைவெளியில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே, பதற்றமோ தூக்கமின்மையோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரையை நீங்கள் வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுங்கள். கோயிலுக்குக் கூட்டிப்போவதும் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் உங்கள் விருப்பம். மாத்திரையை அது தள்ளிப்போட வேண்டாம்.

மகள் பிளஸ் டூ. முடிவு வரும் நாளை நினைத்தால் எனக்கே பயம்.
– வாசகி, ராசிபுரம்

அந்தக் காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். மார்க்கைக் கேட்டுப் போன் செய்யும் உறவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அவள் கையில் கொடுக்காதீர்கள். தவறிவிட்டால் துணைத்தேர்வு அதே ஆண்டில் உண்டு, வருடம் வீணாகாது. முடிவுக்கு முன்பே இதை அவளிடம் சொல்லி வையுங்கள். பெரியப்பா மகளோடு ஒப்பிடும் பேச்சு வேண்டாம். அரசின் 104 எண்ணில் மாணவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும்.

பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறேன். வயது 22. சாகலாம் என்று தினமும் தோன்றுகிறது. 14416-க்குப் பேசினால் கம்பெனிக்கோ வீட்டுக்கோ தெரிந்துவிடுமா?
– திருப்பூரிலிருந்து, பெயர் இல்லாமல்

எழுதியதற்கு நன்றி, கண்ணு. கம்பெனிக்குத் தகவல் போகாது, வீட்டுக்கும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் காப்பாற்ற ஏற்பாடு செய்வார்கள். முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் குரல், பிறகு ஆலோசகர். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் எங்களுக்கு எழுதிய அதே வரியைச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள். லைன் கிடைக்காவிட்டால் மறுபடி முயலுங்கள், அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050. ஹாஸ்டலிலோ கம்பெனியிலோ யாராவது உங்களைத் தொந்தரவு செய்வதுதான் காரணம் என்றால் பெண்களுக்கு 181 உண்டு. இன்றிரவு தனியாகப் படுக்காமல், அறையில் நம்புகிற ஒருவரிடம் "இன்னிக்கு எனக்கு மனசு சரியில்ல, பக்கத்துல படுத்துக்க" என்று கேளுங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டில் அந்தத் தம்பி இறந்து ஒரு வாரம். போய் என்ன பேசுவது என்று தெரியாமல் தெருவே ஒதுங்கி நிற்கிறது.
– வாசகர், குமாரபாளையம்

ஒதுங்கி நிற்பதுதான் அந்த வீட்டுக்கு இரண்டாவது அடி. இப்படி ஓர் உயிரைப் பறிகொடுத்த வீட்டில், மற்றவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால் போங்கள். எப்படி நடந்தது, யார் முதலில் பார்த்தது, என்ன எழுதி வைத்தான் என்று கேட்காதீர்கள். "முன்னாடியே கவனிச்சிருக்கலாமே" என்பதை யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். அதை அந்த அம்மா தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருப்பார். அவன் பெயரைச் சொல்லிப் பேசலாம், அவன் நல்லதாகச் செய்ததை நினைவுபடுத்தலாம், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்காரலாம். நடந்த விதத்தையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் யாரும் சுற்றுக்கு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வயதுப் பையன்கள் சிலருக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் "சாமிகிட்டப் போயிட்டான், வந்துருவான்" என்று சொல்ல விடாதீர்கள். "அண்ணனுக்கு மனசுல பெரிய நோவு இருந்துச்சு, அதனால செத்துப்போயிட்டான், நீ செஞ்ச எதனாலயும் இல்ல சாமி" என்பது எட்டு வயதுக்குப் புரியும்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் அந்த வீடு வெறிச்சோடும். நீங்கள் போக வேண்டிய காலம் அது. இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியிருக்கும். அவன் அப்பாவைத் தனியே விடாமல் கூட ஒரு வண்டியில் போங்கள்.